முதல் கடல் அனிமோன்: வாங்குமுன் சில வார்த்தைகள்

பொங்கல் விழா முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த சங்க நண்பர்கள் இருவர், கூடத்தில் உள்ள கடல்நீர் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு, "எங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அனிமோன் ஒன்று வாங்கலாமா?" என்றார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் நான் செய்த தவறைச் செய்யாமல் வாங்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

கடல் அனிமோன் பார்வைக்குப் பூவைப் போல் இருக்கும். கடல் சாமந்தி என்றும் இதற்குப் பெயர் உண்டு. உண்மையில் இது பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவான ஒரு விலங்கு. விரல் போன்ற உணர்கொம்புகளில் உள்ள கொட்டும் செல்களால் இரையைப் பிடிக்கும். கோமாளி மீன்களுக்கு வீடாகும் அனிமோன்களின் உடலுக்குள் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் ஒரு பங்கை அனிமோனுக்குக் கொடுக்கிறது. அனிமோனுக்குப் பழுப்பு நிறம் தருவதும் பெரும்பாலும் இந்தப் பாசியே.

இது தெரியாமல்தான் நான் ஏமாந்தேன். நான்காம் வகுப்பில் படித்த என் மகள், நெமோ படம் பார்த்த நாள் முதல் கோமாளி மீனும் அனிமோனும் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டி வைத்து ஐந்தே வாரம் ஆகியிருந்தது. மும்பையில் ஒரு கடையில், பால் போன்ற வெள்ளை உடலும் ஊதா நுனிகளுமாக ஓர் அனிமோன். "இது வெள்ளை ரகம்" என்றார் கடைக்காரர். வாங்கி வந்தேன். பதினோராம் நாள் அது கரைந்து நாற்றமெடுத்தது. மறுநாள் காலை கோமாளி மீன்கள் இரண்டும் மிதந்தன.

"அப்பா, அது பசியில செத்துப்போச்சா?" என்று மகள் கேட்டாள்.

ஏறக்குறைய அதுதான் உண்மை. அது வெள்ளை ரகமே அல்ல. பாசியை இழந்து வெளுத்துப்போய், பட்டினியில் இருந்த விலங்கு. நல்ல வேளையாக நிறம் கண்டு மயங்குவது திருத்திக்கொள்ளக்கூடிய தவறுதான்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை.

1. முதலில் தொட்டி. புதுத் தொட்டியில் அனிமோன் வேண்டாம். ஆறு மாதமாவது, முடிந்தால் ஓராண்டு போகட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக, நைட்ரேட் குறைவாக இருக்க வேண்டும். உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி என்று நிலையாக நிற்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் இதுவே பெரும்பாடு. மேலே மின்விசிறியோ, சில்லரோ தேவைப்படும். 200 லிட்டர் தொட்டியும் நல்ல ரீஃப் விளக்கும் இருந்தால் நிம்மதி.

2. இனம். முதல் அனிமோனாக, நுனி குமிழ் போல் உப்பியிருக்கும் பபுள் டிப் இனமே ஏற்றது. கம்பளம் போல் விரியும் கார்ப்பெட் அனிமோனும், மேக்னிஃபிகா இனமும் அழகுதான். ஆனால் அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம் தருபவை.

3. உடல்நிலை. வாய் மூடியிருக்கிறதா? பாதம் கிழியாமல் பாறையையோ கண்ணாடியையோ உறுதியாகப் பற்றியிருக்கிறதா? கண்முன்னே ஒரு சிறு இறால் துண்டைப் போடச் சொல்லுங்கள்; பிடித்து உண்ண வேண்டும். தூய வெள்ளையையும், சாயம் ஏற்றியது போன்ற பளீர் மஞ்சள், நீலத்தையும் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாமல், ஒரு வாரம் கழித்து மீண்டும் போய்ப் பாருங்கள்.

4. பிறந்த இடம். பபுள் டிப் தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும். தொட்டி வளர்ப்பவர் யாரிடமாவது அப்படிப் பிரிந்த குட்டி கிடைத்தால் அதுவே உத்தமம். தொட்டி வாழ்வுக்குப் பழகியது, கடலுக்கும் இழப்பில்லை. கோமாளி மீனையும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்கலாம். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பாறைகளை உருவாக்கும் உயிருள்ள பவளம் நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. ஊருக்குப் போகும்போது ராமேசுவரம் கரையிலிருந்து எடுத்துவர ஆசைப்படாதீர்கள்.

5. வீட்டுக்கு வந்தபின். அனிமோன் தனக்குப் பிடித்த இடம் தேடி நடக்கும். பம்பின் வாயில் சிக்கினால் துண்டு துண்டாகிவிடும். ஆகவே முன்கூட்டியே ஸ்பாஞ்சு கட்டுங்கள். வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டு போதும். இறந்தது தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: கோமாளி மீன் அனிமோன் இல்லாமலும் தொட்டியில் நன்றாகவே வாழும். மீனுக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்பவர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்து வளர்த்த ஓர் அனிமோன், 1851இல் அவர் மறைந்த பின்னும் வாழ்ந்து, 1887இல்தான் இறந்தது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர். அது குளிர்கடல் இனம்தான். ஆனாலும், நாம் எப்படிப்பட்ட ஆயுளைக் கையில் வாங்குகிறோம் என்பதை அது உணர்த்துகிறது.

மகளும் நானும் பதினான்கு மாதம் காத்திருந்து, நண்பர் ஒருவர் தந்த பபுள் டிப் குட்டியை வைத்தோம். இப்போது அதுவும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தொட்டி தயாராக இருக்கும் சங்கக் குடும்பத்துக்கு ஒன்றைத் தருவதாக இருக்கிறாள். தண்ணீர்ப் பரிசோதனையை அவளே செய்து பார்த்த பிறகுதான் தருவாளாம்.