சாக்கா, கம்பா, கூடையா? காட்டுப்பன்றி இறைச்சியைச் சுமந்து வர

பன்றி விழுந்ததும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் விடியற்காலையிலேயே வெக்கை இருக்கும். நடுப்பகலுக்குள் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பன்றியின் உடல் சூடோ ஏறக்குறைய 38, 39 டிகிரி. தோலும் கொழுப்பும் அந்தச் சூட்டைப் போர்வை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் கெடுவது தொடை எலும்பை ஒட்டிய சதை. வெளியே பார்த்தால் தெரியாது. வீட்டில் வெட்டும்போதுதான் நாற்றம் சொல்லும்.

எடை குறைந்த வேட்டைப் பைகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அவை பெரும்பாலும் அலாஸ்கா போன்ற குளிர்நாட்டு மலைகளுக்குத் தைக்கப்பட்டவை. அங்கே இறைச்சியை இரவு முழுக்க மரக்கிளையில் தொங்கவிட்டால் தானாகக் குளிர்ந்துவிடும். நெகிரி செம்பிலானில் அது நடக்காது. அதனால் ஒரு பொருளை வாங்குமுன் நான் கேட்பது இரண்டு கேள்விகள்: இறைச்சிக்குள் காற்று போகுமா? ஐஸ் பெட்டிவரை எவ்வளவு நேரம்? அதன் எடையைப் பற்றிய கேள்வி இவற்றுக்குப் பிறகுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுப்பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனி. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தேவை. மறுநடவு செய்த இடத்தில் இளங்கன்றின் குருத்தைப் பன்றி தின்றுவிடுகிறது என்பதால் நிர்வாகம் பெரும்பாலும் மறுக்காது. கண்ணி வைப்பது குற்றம். கண்ணியில் சிக்கி எப்போது செத்தது என்று தெரியாத பன்றியைத் தொடவே வேண்டாம்.

சுமையைக் குறைக்க முதல் வழி கத்திதான். 60 கிலோ பன்றியின் குடலை எடுத்தால் 45 கிலோ அளவுக்கு வரும். தோலையும் எலும்பையும் அங்கேயே நீக்கினால் 25 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். எந்த விலையுயர்ந்த பையாலும் இவ்வளவு எடையைக் குறைக்க முடியாது. எலும்பு போனால் சூடும் சீக்கிரம் இறங்கும். சதையைத் துண்டுகளாக்கி, மட்டைக் குவியலின் மேல் சுத்தமான துணி விரித்து, நிழலில் கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

எதில் கட்டுவது? தோட்டத்தில் கைக்கு எட்டுவது உரச்சாக்கு. காசில்லை, கிழியாது. ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் காற்று போகாது, ரத்தம் தேங்கும், சூடு இறங்காது. உரத்தின் மிச்சமும் ஒட்டியிருக்கும். களைக்கொல்லி தூக்கிய பையாக இருந்தால் பேச்சே இல்லை. பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரியில் தடை செய்துவிட்டது என்றாலும் பழைய சாக்கு எதைத் தொட்டது என்று யாருக்குத் தெரியும்? கோணிச்சாக்கில் காற்று போகும், ஆனால் நார் சதையில் ஒட்டும். ரத்தம் ஊறினால் கழுவித் தீராது.

நல்லது மெல்லிய பருத்தித் துணிப்பை. பழைய வேட்டியை வெந்நீரில் அவித்து, நான்காக வெட்டி, மூன்று பக்கம் தைத்தால் போதும். ஈ நுழையாது, காற்று நுழையும், மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். கடையில் விற்கும் செயற்கை இழைப் பை இன்னும் இலேசு, சீக்கிரம் காயும்; அடிக்கடி போகிறவர்கள் வாங்கலாம். தண்ணீர் புகாத பையை மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை மழைக்குப் பயந்து அப்படி ஒன்றில் கட்டி மூன்று மணி நேரம் தூக்கினேன். தொடை இரண்டையும் புதைக்க வேண்டியதாயிற்று. ஓர் உயிரைக் கொன்று மண்ணில் போட்ட அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இனி, தூக்கும் முறை. நம் வீடுகளில் மறந்துபோன ஒன்று இருக்கிறது: தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு. பால்மரம் வெட்டிய காலத்தில் நம் தாத்தா பாட்டிமார் இரண்டு வாளிப் பாலை அதில்தான் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். சமதரையில் அதற்கு ஈடு இன்றைக்கும் இல்லை என்பேன். இருபுறமும் துணிப்பைகளைத் தொங்கவிட்டால் சுற்றிலும் காற்று; கம்பு வளைந்து கொடுப்பதால் தோளில் அடி குறைவு; செலவு ஒரு மூங்கில். நடையைக் கம்பின் ஆட்டத்தோடு இணைக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் படிவெட்டு மேடுகளிலும் கானைத் தாண்டும் இடங்களிலும் அது ஆபத்து. முன்பக்கப் பை மேட்டில் இடிக்கும், பின்பக்கப் பை இழுக்கும். தாழத் தொங்கினால் செம்பனை மட்டையின் முள் துணியைக் கிழித்துவிடும்.

மேட்டு நிலத்துக்கு முதுகுச்சுமைதான் சரி. இந்த மாநிலத்து தெமுவான் மக்கள் பின்னும் பிரம்புக் கூடையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எடை அதிகமில்லை, நாலாபக்கமும் காற்று, கழுவி வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும். குறை என்னவென்றால் மொத்தப் பாரமும் தோளில் விழும். 15 கிலோவுக்கு மேல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் தோள்பட்டை மரத்துப்போகும். அலுமினியச் சட்டம் வைத்த பை இரண்டு மூன்று கிலோ கனம், விலையும் உண்டு. ஆனால் இடுப்புப் பட்டை பாரத்தை இடுப்புக்கு இறக்கிவிடும். ஜெலெபு, கோலப்பிலா பக்கத்துக் காட்டோரங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு வீணில்லை. சட்டத்துக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதுவானாலும் ஒரு நடைக்கு உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு நடை போங்கள், இல்லையேல் இரண்டு பேராகப் போங்கள்.

ஒத்தைச் சக்கர வண்டி எளிதுதான், ஆனால் அது தோட்டத்து வண்டி என்றால் தொடாதீர்கள். பழம் ஏற்றும் தொழிலாளர்களில் பலர் முஸ்லிம்கள். பன்றி ரத்தம் பட்ட வண்டியை அவர்களிடம் திருப்பித் தருவது அநியாயம். கேண்டீன் ஐஸ் பெட்டியைக் கேட்பதும் அப்படியே. நமக்கென்று தனிச் சாமான் வைத்துக்கொள்வோம். முனியாண்டி கோயில் வழியாகவும் சுமை கொண்டுபோகாமல் சுற்றிப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. கால் மணி நேரம் கூடினாலும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் எவ்வளவு? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். 25 கிலோ சதையை 38 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 2,900 கிலோஜூல் போக வேண்டும், அதாவது 9 கிலோ ஐஸ். பெட்டிக்குள் நுழையும் வெளிச்சூட்டையும் சேர்த்து 15 கிலோ வாங்கி வையுங்கள். மீன்காரரின் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி போதும். அடியில் துளையிட்டு உருகும் நீரை வடியவிடுங்கள். சதை நீரில் ஊறக் கூடாது. பெட்டி மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் காத்திருக்கட்டும், காட்டுக்குள் தூக்க வேண்டாம்.

கையுறை இல்லாமல் கத்தியைப் பிடிக்காதீர்கள். நிப்பா வைரசுக்குப் பெயர் தந்த சுங்கை நிப்பா கிராமம் இதே மாநிலத்தில் இருக்கிறது. 1998, 1999இல் பண்ணைப் பன்றிகளிடமிருந்து பரவிய அந்த நோயில் மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. எலிக்காய்ச்சல் காயத்தின் வழியே நுழையும். 2021இல் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது, ஆனால் அதன் வைரஸ் உறைந்த இறைச்சியில்கூட மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வேட்டைக் காலணியோடு பன்றிப் பண்ணைப் பக்கம் போகாதீர்கள், மிச்ச மீதியை வளர்ப்புப் பன்றிக்குப் போடாதீர்கள். துணிப்பைகளைச் சோப்புப் போட்டு அவித்துக் காயவைத்து, கத்தியோடு சேர்த்துத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.