நாடி சொல்லும் செய்தி

தீபாவளி நெருங்கும் நாள்களில் சிராங்கூன் சாலையில் கூட்டம் அலைமோதும். அங்குப் பொருள் வாங்க வந்த முதியவர் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. தலையும் இலேசாகச் சுற்றுகிறது. சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. 'நடந்த களைப்புதான்' என்று எண்ணி அவர் வீடு திரும்புகிறார். அது களைப்பாகவும் இருக்கலாம். சீரற்ற இதயத் துடிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இதயத்தின் வலப்பக்க மேலறையில் சிறியதொரு திசுப் பகுதி உள்ளது. அங்கிருந்து எழும் மின்சமிக்ஞையே இதயத்தைச் சீராகச் சுருங்கச் செய்கிறது. ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் இதயம் பொதுவாக நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். ஓடும்போது துடிப்பு கூடுவதும் உறங்கும்போது குறைவதும் இயல்பே. ஆனால், காரணமின்றி மிக வேகமாகவோ, மிக மெதுவாகவோ, ஒழுங்கின்றியோ துடித்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

முதியவர்களிடம் அதிகம் காணப்படும் சீரற்ற துடிப்பு, 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படுகிறது. இந்நிலையில் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அதனால் அங்கு இரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பக்கவாதம் வந்த பிறகே இக்கோளாறு தெரியவருவதும் உண்டு.

இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இசிஜி பரிசோதனை இதைக் கண்டறிய உதவுகிறது. துடிப்பு எப்போதாவது மட்டும் மாறினால், ஒரு நாளோ அதற்கு மேலோ உடலில் அணியும் பதிவுக்கருவியை மருத்துவர் தருவார். சிகிச்சைகளும் பல உள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பக்கவாத ஆபத்தைக் குறைக்கிறது. இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தவறான சமிக்ஞை எழும் இடத்தைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. மிக மெதுவாகத் துடிக்கும் இதயத்திற்குப் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்படுகிறது. 1958இல் சுவீடனில் முதன்முதலாக ஒருவரின் உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும், அவர் அடுத்தடுத்துப் புதிய கருவிகளைப் பெற்று 2001 வரை வாழ்ந்தார்.

கீழறைகளில் ஏற்படும் சில கோளாறுகள் இன்னும் ஆபத்தானவை. அப்போது இதயம் இரத்தத்தைச் செலுத்த முடியாமல், ஒருவர் மயங்கி விழுந்துவிடுவார். உடனே 995 எண்ணை அழைக்க வேண்டும். மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வீவக புளோக்குகளின் மின்தூக்கித் தளங்களில் வைக்கப்பட்டுள்ள ஏஇடி கருவி மின்னதிர்ச்சி தந்து துடிப்பை மீட்க உதவும். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் அறிமுகப்படுத்திய செயலி, அருகில் இருக்கும் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்புகிறது.

ஆனால், முதல் உதவியை வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தா, பாட்டியின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். துடிப்பு சீராக இல்லையென்றால், 'களைப்புதான்' என்று அவர்கள் சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.