சுற்றுவது தலையா, செவியா?

தட்டாமாலை சுற்றிய சிறுவர்கள் நின்ற பின்னும் தெரு சுழல்வதாகக் கூவுவர். கால்கள் நின்றுவிட்டன, பின் சுழல்வது எது? உட்செவியில் இருக்கும் நீர்!

செவி கேட்பதற்கு மட்டுமே என்றெண்ணுவது தவறு. அதன் உட்பகுதியில், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்கோணத்தில் மூன்று அரைவட்டக் குழல்கள் அமைந்துள்ளன. விலங்கியல் ஆய்வகத்தில் சுறாவின் உட்செவியைப் பிரித்தெடுத்த பழைய மாணவர்கள் அவற்றை நேரிலேயே கண்டிருப்பர். தலை திரும்பும்போது குழலிலுள்ள நீர் சற்றுப் பின்தங்கி, உணர்ச்சி மயிரிழைகளை வளைக்கும். அதைக் கொண்டு மூளை அசைவை அறியும். 1824இல் பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் இக்குழல்களை வெட்டிப் பார்த்தார். வெட்டிய குழல் எத்தளத்தில் இருந்ததோ, அத்தளத்திலேயே அவற்றின் தலை ஆடியது. கேட்கும் திறனோ குன்றவில்லை.

இனி நோய்க்கு வருவோம். படுக்கையில் புரளும்போதோ, பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ சிலருக்கு அறையே சுழலும். ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். வீட்டார் இதைப் பித்தம் என்பர். இரத்த அழுத்தம் என்பாரும் உண்டு. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் பலர். முதியோர் இதனால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு என்பதால், இதனை அற்பமாகக் கருதலாகாது.

உண்மைக் காரணம் எளியது. குழல்களை அடுத்துள்ள ஒரு பையில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியுள்ளன. முட்டையோட்டில் இருப்பதும் இதே பொருள்தான். மூப்பினாலோ, தலையில் அடிபட்டதாலோ சில துகள்கள் பிரிந்து, பெரும்பாலும் பின்புறக் குழலில் விழுந்துவிடும். தலை சாயும்போது அவை உருண்டு நீரை அசைக்க, அசையாத உடல் சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. குழலில் விழுந்த துகளை மாத்திரை எப்படி வெளியேற்றும்?

அமெரிக்காவின் போர்ட்லண்டு நகர மருத்துவர் ஜான் எப்ளி, துகளை வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்றார். சக மருத்துவர் பலர் நகைத்தனர். 1992இல் அவர் கட்டுரை வெளியானது. இன்று உலகெங்கும் அம்முறையே கையாளப்படுகிறது. மருத்துவர் முதலில் நோயாளியைச் சட்டெனச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்விழிகளின் துடிப்பைக் கவனித்து, எந்தச் செவி என்று உறுதிசெய்வார். பின்னர் தலையை அப்பக்கம் 45 பாகை திருப்பி, கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்குமாறு படுக்கவைப்பார். சுழற்சி அடங்கியதும் தலையை மறுபுறம் 90 பாகை திருப்புவார். அடுத்து உடலையும் அப்பக்கம் புரட்டி, முகம் தரையை நோக்கச் செய்வார். கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். மொத்தம் சில நிமிடங்களே! பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். மீண்டும் வந்தால் மீண்டும் செய்யலாம்.

கழுத்தெலும்புக் கோளாறு உள்ளவர்கள் இதனைத் தாமாகச் செய்துபார்க்கக் கூடாது. எல்லாத் தலைச்சுற்றலும் இவ்வகையன்று. காதிரைச்சலும் செவிமந்தமும் சேர்ந்து மணிக்கணக்கில் நீடிப்பது, 1861இல் மெனியே விளக்கிய வேறொரு நோய். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, நடக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று உடனிருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.