நீராவிக் கலமும் நிதானமும்

தமிழாசிரியருக்கு விஞ்ஞான ஆய்வுகூடத்தில் யாது வேலை என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்புக்குரிய செயலொன்றை நாம் செய்ததனாலேயே இக்கட்டுரை பிறந்தது. எமது ஆய்வுகூடத்தில் நீராவியாற் கிருமியழிக்கும் கலமொன்று உண்டு. மாணாக்கர் அதனை 'ஓட்டோகிளேவ்' என்பர். அதனைக் கையாளும் முறை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தமையால், சுவரில் தொங்கவிடத் தக்கவாறு தமிழில் எழுதித் தருமாறு உயிரியல் ஆசிரியர் எம்மை வேண்டினார். சுருங்கச் சொல்லி விளங்கவைத்தல் வேண்டுமென்று கருதிய நாம், "மூடியை இறுக்கி, வெப்பமூட்டி, வால்வை மூடி, அமுக்கத்தை 15 இறாத்தலுக்கு உயர்த்துக" என ஒரே வாக்கியத்தில் முடித்தோம். அச்சொற்செட்டு எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆசிரியர் அட்டையைப் படித்துவிட்டு, "மாஸ்ரர், இதிலே காற்று எங்கே போயிற்று?" என்று வினவினார்.

மூலத்தில், நீராவி இடைவிடாது பாயும்வரை வால்வைத் திறந்துவைக்க என்றொரு வரி இருந்தது. அதனை மிகையென்று கருதி நாம் விட்டுவிட்டோம். அவ்வரியே முழுமுறைக்கும் உயிர்நிலை என்பதை அன்று பின்னேரம் அவரிடம் பாடங்கேட்டு அறிந்துகொண்டோம்.

திறந்த பாத்திரத்திற் கொதிக்கும் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறாது. பெரும்பாலான பற்றீரியாக்கள் அவ்வெப்பத்தில் மடியும். ஆயின் அவற்றுட் சில, இடர் நேருங்காலத்துத் தடித்த உறை போர்த்து வித்திகளாய் உறங்கும். கோடை முழுவதும் தரையிற் கிடந்து மாரியின் முதல் மழைக்கு முளைக்கும் புல்விதை போன்றவை அவை. கொதிநீருக்கு அவை அஞ்சுவதில்லை. பரிசில் பாஸ்டருடன் ஆராய்ச்சி செய்த சார்ள்ஸ் சாம்பர்லாந்து, நீராவியை அமுக்கத்தில் அடைத்து வித்திகளையும் அழிக்கும் கலத்தை 1879இல் அமைத்தார். அதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே டெனிஸ் பப்பின், எலும்பையும் மெதுவாக்கும் மூடுகலத்தை இலண்டனில் செய்து காட்டியிருந்தார். கலம் வெடியாதிருக்கும் பொருட்டுக் காப்பு வால்வை அமைத்தவரும் அவரே. வீட்டிலுள்ள பிரஷர் குக்கர் இவ்விரண்டுக்கும் உறவுமுறை.

வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலமொன்றுக்கு 15 இறாத்தல் அமுக்கம் ஏறியவிடத்து நீராவி 121 பாகையில் நிற்கும். அந்நிலையிற் பதினைந்து நிமிடம் வைத்தால் வித்திகளும் அழியும். உலர்ந்த சூட்டால் இதனைச் செய்வதாயின் 160 பாகையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேண்டும். நீராவியின் இவ்வலிமைக்குக் காரணம் அதன் மறைவெப்பம். ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்பொழுது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தைத் தான் தொட்ட பொருளுக்குக் கொடுத்துவிடுகின்றது. அத்தொட்ட பொருள் எமது கையாயினும் அது கொடுக்கத் தவறாது. புட்டவிக்கும் தாய்மார் நீற்றுப்பெட்டியின் மூடியைத் தம் முகத்துக்கு அப்பாற் சாய்த்துத் திறப்பது விஞ்ஞானம் படித்தன்று. ஆயினும் அது முற்றிலும் விஞ்ஞானமே.

இனிக் காற்றின் சூழ்ச்சிக்கு வருவோம். அமுக்கமானி அமுக்கத்தை மட்டுமே காட்டும்; வெப்பநிலையை அன்று. கலத்துள் இருந்த காற்றை முழுவதும் போக்கிய பின் ஊசி 15ஐக் காட்டினால் உள்ளே 121 பாகை. பாதிக் காற்று எஞ்சியிருப்பின், அதே 15இல் 112 பாகை மாத்திரமே. காற்றை அறவே போக்காவிடின், ஊசி 15இல் நின்றபோதும் வெப்பநிலை 100ஐத் தாண்டாது. ஊசி பொய் சொல்லவில்லை; நாம் கேளாத வினாவுக்கு விடை சொல்லுகின்றது. எமது 'சொற்செட்டு' அட்டையைப் பின்பற்றிய மாணவனொருவன், வெறுங்கொதிநீரில் அவித்தவற்றைக் கிருமியற்றவை என்று நம்பியிருப்பான். எனவே நீராவி சீறி இடைவிடாது பாயத் தொடங்கிய பின்னரும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்தே வால்வை மூடுதல் வேண்டும். காற்று நீராவியினும் பாரமானதாகையால் வெற்றுக் குடுவைகளின் அடியில் அது தங்கிவிடும். அவற்றைச் சரித்து வைத்தல் நன்று. பதினைந்து நிமிடக் கணக்கும் ஊசி 15ஐ அடைந்த பின்னரே தொடங்கும். மணியடிக்கப் போகின்றதென்று முன்கூட்டி எண்ணத் தொடங்குவது மாணாக்கர் வழக்கம்.

தொடக்கத்து அவசரம் கிருமியைக் காக்கும். முடிவில் உண்டாகும் அவசரம் கையைச் சுடும். நாம் ஆசிரிய கலாசாலையை விட்டு வந்த புதிதிற் கற்பித்த ஒரு பாடசாலையில் இதனைக் கண்ணாற் கண்டோம். பாடவேளை முடியுந் தறுவாயில், ஊசி இறங்கும்வரை காத்திராது மாணவனொருவன் வால்வை முழுவதும் திறந்துவிட்டான். உள்ளே ஏகார் நிறைந்த குடுவைகள் இருந்தன. 121 பாகையிலுள்ள திரவம் அமுக்கத்தின் கீழ்க் கொதியாது அடங்கியிருக்கும். அமுக்கம் திடீரென நீங்கின், அத்தனையும் ஒருங்கே கொதித்துப் பொங்கும். பஞ்சு அடைப்பான்கள் பறந்தன. சீறிய ஆவி அவன் வலக்கையைச் சுட்டது; அத்தவணைச் சோதனையை அவன் எழுதவில்லை. அருகில் நின்று தடுத்திருக்க வேண்டிய பெரியவர்களுள் நாமும் ஒருவர்.

மூடியைத் திறப்பதில் உள்ள அபாயத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறக்குறைய 113 சதுர அங்குலம். 15 இறாத்தல் அமுக்கத்தில் அதனை உள்ளிருந்து தள்ளும் விசை 1,700 இறாத்தல் அளவினது; அஃதாவது பதினைந்து அந்தர். ஊசி 5க்கு இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்பவன், ஐந்து அந்தர் விசையின்மேற் கைவைக்கின்றான். வெப்பத்தை நிறுத்திக் கலத்தைத் தானே ஆறவிட்டு, ஊசி பூச்சியத்துக்கு வந்தபின் வால்வை மெல்லத் திறந்து, அதன் பின்னரே மூடியின் திருகுகளைத் தளர்த்துதல் வேண்டும். அப்பொழுதும் கையுறை வேண்டும். குடுவையைக் குலுக்குதல் ஆகாது.

ஏனையவற்றை விரித்தல் வேண்டா. அடியில் நீர் போதிய அளவு உண்டா, இறப்பர் வளையம் வெடிப்பின்றி உள்ளதா, காப்பு வால்வின் துளை அடைபட்டுளதா என ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். போத்தல் மூடிகளைத் தளர்த்தி வைக்க. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பற்க. வெளிற்றும் தூள் கலந்ததையோ, மதுசாரம் போன்று எளிதில் தீப்பற்றும் திரவத்தையோ உள்ளே வைத்தல் கூடவே கூடாது.

உயர்தர வகுப்பினர் நுண்ணங்கிகளை வளர்க்கும் ஏகார்த் தட்டுகள் சோதனை முடிந்ததும் இக்கலத்துக்கே மீண்டும் வருகின்றன. விரலிலிருந்து ஒற்றிய சில பற்றீரியாக்கள் ஓரிரு நாளிற் கோடிக்கணக்காகப் பெருகிய தட்டுகள் அவை. அவற்றைக் கழுவுபவர் எமது ஆய்வுகூட உதவியாளர். அவர் ஆங்கிலம் படிப்பதில்லை. ஊசியையும் அட்டையையும் நம்பியே தட்டில் கைவைக்கின்றார். இரண்டாம் அட்டையை எழுதியபொழுது உயிரியல் ஆசிரியருக்கு முன் அவரிடமே காட்டி, வரிவரியாக வாசிக்கச் செய்தோம். 'வெளியேற்றுக' என்ற சொல்லைக் கண்டு, எதனை என்று கேட்டார். "காற்றை" என்று சிவப்பு மையால் எழுதிச் சேர்த்தோம். அட்டை இப்பொழுது கலத்துக்கு நேர்மேலே சுவரிற் தொங்குகின்றது.