குஞ்சு மீன்களைத் தனித்து வைத்தலும் ஒட்டுண்ணி நீக்கலும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பண்ணைக் குட்டையிலும் குத்தகை ஏரியிலும் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் குடியானவர்கள், குஞ்சு வாங்குவதில் காட்டும் சிரத்தையை அதனை நீரில் விடும்போது காட்டுவதில்லை. பிராணவாயு அடைத்த பையைப் பிரித்து நேரே குளத்தில் கொட்டிவிடுகின்றனர். கோழிப் பண்ணை வைத்திருப்போர் புதுக் கோழியை இவ்விதம் பழைய கொட்டகைக்குள் விடுவார்களா?

குஞ்சுகளுடன் வரும் ஒட்டுண்ணிகளில் இரண்டை முக்கியமாக அறிதல் வேண்டும். ஒன்று மீன் பேன். தட்டையான இது கண்ணுக்குத் தெரியும். மீனைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். முட்டையிட மீனை விட்டிறங்கிக் கல்லிலும் கட்டையிலும் இடும். மற்றொன்று வெண்புள்ளி நோயைத் தரும் நுண்ணுயிர். உப்பைத் தூவினாற்போல் உடலில் புள்ளிகள் தோன்றும். மார்கழி, தை மாதக் குளிரில் இதற்கு வேகம் அதிகம்.

பரிகாரங்களில் எளியது உப்பு நீரில் முக்குதல். 10 லிட்டர் நீரில் 300 கிராம் கல்லுப்பைக் கரைத்து, குஞ்சுகளை 2 அல்லது 3 நிமிஷம் வைத்து, புரளத் தொடங்கினால் உடனே எடுத்துவிடலாம். பேன் பல கழன்று விழும். ஆனால் வெண்புள்ளி நுண்ணுயிர் தோலுக்கடியில் இருப்பதால் இதற்குத் தப்பிவிடும். சில வருஷங்களுக்கு முன் யானே இம்முறையொன்றையே நம்பி ஒரு நண்பருக்கு யோசனை கூறினேன். பத்து நாளில் அவர் குட்டை முழுவதும் புள்ளி கண்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே அதிக வருத்தம் தந்தது.

கிணற்றில் இடும் பொட்டாஷ் பெர்மாங்கனேட்டை 1000 லிட்டருக்கு 2 கிராம் வீதம் சேர்ப்போரும் உளர். சேறு கலந்த நீரில் இதன் சக்தி வீணாகும். கார குணம் மிக்க நீரில் இதன் பழுப்பு வண்டல் செவுளில் படிந்து மூச்சையும் தடுக்கும். நம் பக்கத்துச் சவர்க் கிணறுகளுக்கு இதனை நான் விரும்புவதில்லை.

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்போர், கடலில் உள்ள இதே வகை வெண்புள்ளிக்கு மூன்று நாளுக்கொருமுறை வேறு தொட்டிக்கு மீனை மாற்றுவர். மீனைவிட்டு விழுந்த கூடுகள் வெடிக்குமுன் மீன் அங்கிருந்து அகன்றுவிடுகிறது. நன்னீரில் நம் வெப்பத்திற்கு அக்கூடு ஒரு நாளுக்குள் வெடித்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளை விடுவதால், தினந்தோறும் மாற்ற வேண்டும். பத்துப் பதினைந்து தாய் மீன்களுக்கு இது சரி. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு இயலாது. பேனோ மீனின் உடலோடு அடுத்த தொட்டிக்கும் வந்துவிடும்.

ஆகவே நான் கூறுவது இது. தார்ப்பாய் விரித்த சிறு குழியில் குஞ்சுகளை மூன்று வாரம் தனித்து வைக்கவும். முதலில் உப்பு நீரில் முக்கி, பின் 1000 லிட்டருக்கு 3 கிலோ உப்பு வீதம் கலந்த நீரில் பத்து நாள் விட்டு, பிறகு சிறிது சிறிதாக நல்ல நீருக்கு மாற்றவும். வெடித்து வெளிவந்து நீரில் நீந்தும் நுண்ணுயிரையே இந்த உப்பு கொல்லும். நாட்கணக்கு வேண்டியிருப்பது அதனாலேயே. மூங்கில் துண்டுகளைக் குழியில் நட்டு, வாரந்தோறும் எடுத்து வெயிலில் காயவைத்தால் பேன் முட்டைகளும் அழியும்.

குளத்தில் நோய் புகுந்தபின் இதனைச் செய்யலாமெனில், கணக்கைப் பார்க்கவும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஓர் ஏக்கர் குட்டையில் 40 லட்சம் லிட்டர் நீர் உண்டு. அதற்கு 12 டன் உப்பு வேண்டும். அந்நீர் பிறகு வயலுக்கும் உதவாது.

ஏரியைக் குத்தகைக்கு விடும் கிராம அதிகாரிகள், தனித்து வைக்காத குஞ்சுகளை ஏரியில் விடலாகாது என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கலாம். குழிக்கென்று தனி வலையும் வாளியும் இருக்கட்டும். அவற்றை ஏரிக்கு எடுத்துச் செல்லலாகாது.