பெட்டி கட்டுமுன் ஒரு கொப்பி
வணிகம் கற்கச் செல்லும் பிள்ளைக்கும் குடும்பத்திற்கும் ஒரு பாடம்

நமது குடும்பங்களுக்கு மூட்டை கட்டுவது புதிதல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி ஊர்களிலிருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அன்று நேரம் இருக்கவில்லை.

இப்போது சில வீடுகளில் வேறொரு மூட்டை கட்டப்படுகின்றது. உயர்தர வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த மகளுக்கோ மகனுக்கோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்தின் முகாமைத்துவ பீடமாக இருக்கலாம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவாக இருக்கலாம். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகமாக இருக்கலாம். இந்தமுறை யாரும் நம்மைத் துரத்தவில்லை. யோசிக்க நேரம் இருக்கின்றது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்தப் பாடம்.

பல வீடுகளில் நடப்பது என்ன? கடிதம் வந்த மகிழ்ச்சியில் புதுப் பெட்டி வாங்குகின்றோம். தாயின் சங்கிலி அடைவுக்குப் போகின்றது. போதாததற்கு வாரக் கடன் எடுக்கின்றோம். ஆறு மாதம் கழிந்ததும் வட்டியும் வருகின்றது, பிள்ளையின் சாப்பாட்டுக் காசும் கேட்டு வருகின்றது. முகாமைத்துவம் படிக்கச் சென்ற பிள்ளை, வீட்டின் கடனை முகாமை செய்ய முடியாமல் இடைநடுவில் திரும்பி வருகின்றது. திறமைக் குறைவால் அன்று, கணக்குப் பாராமையால்.

லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்பிய ஒருவரைப் பற்றி ஆண்டவர் பேசுகின்றார். முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதே அங்கு சொல்லப்படும் அறிவுரை. அப்படி உட்காருவதற்கு நமக்கு ஒரு கொப்பி வேண்டும். பெட்டிக்கு முன்னர் அதை வாங்குவோம்.

1. இருப்பதை எழுதுவோம்

இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சு நூலில் முதன்முதலில் விளக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு துறவி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூக்கா பச்சியோலி என்பவர் 1494 இல் வெனிஸ் நகரில் வெளியான தம் கணித நூலில் அதை எழுதினார். அந்த முறையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கனவே செய்து வந்ததை ஒழுங்காக எழுதிவைத்தார். வியாபாரம் தொடங்குபவர் முதலில் தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும் என்கிறார் அவர்: காசு, நகை, வீட்டுப் பொருள், நிலம், பிறர் தரவேண்டியது, தாம் கொடுக்கவேண்டியது. ஒன்றும் விடுபடலாகாது.

நாமும் அப்படியே செய்வோம். ஒரு மாலை, குடும்பம் முழுவதும் ஒன்றாக இருந்து கொப்பியின் இரண்டு பக்கங்களை நிரப்புங்கள். ஒரு பக்கத்தில் சொத்துக்கள்: கையிலுள்ள காசு, வங்கிச் சேமிப்பு, நகை, ஆடு மாடு, நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல், பிறர் தரவேண்டிய காசு. மறுபக்கத்தில் பொறுப்புக்கள்: அடைவு, கடைக் கடன், சங்கக் கடன், நுண்கடன், கைமாற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது உங்களுடைய உரிமையாண்மை. பிள்ளை உயர்தரத்தில் படித்த சமன்பாடும் இதுதான். அதையே பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். நாம் இன்னும் திரும்பிப் போகாத காணியை எங்கே எழுதுவது? சொத்துப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அது நம்முடையது. ஆனால் தனிக் கோடு ஒன்று இழுத்து, அதற்குக் கீழே எழுதுங்கள். இந்த வருடம் அது சோறு போடாது. அது கிடைக்கும், விற்கலாம், அடைக்கலாம் என்று நம்பி இன்று கடன் எடுக்கலாகாது. உரிமை வேறு, கையிலுள்ள காசு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை கணக்கீட்டில் பாதிப் பாடத்தை வீட்டிலேயே கற்றுவிட்டது.

2. பத்திரங்கள்

பதிவு நாளன்று பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளைக் கேட்பார்கள். இடம்பெயர்ந்த வீடுகளில் இவற்றுள் ஒன்றாவது தொலைந்திருக்கும். தேதி நெருங்கும்வரை காத்திராமல், பெறுபேறு வந்த வாரமே தேடத் தொடங்குங்கள்.

பிறப்பு, அது நிகழ்ந்த இடத்தின் பிரிவிலேயே பதியப்படும். சொந்த ஊர் பளை என்றாலும் பிள்ளை மல்லாவி வைத்தியசாலையில் பிறந்திருந்தால், மல்லாவி அடங்கும் பிரிவின் பதிவுகளிலேயே தேட வேண்டும். பதிவு இல்லை என்ற பதில் வந்தால் அதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க அது தேவைப்படும். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம்.

எல்லாப் பத்திரங்களிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கின்றதா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்தும் மற்றதில் முழுப்பெயரும், ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடியும் இருப்பது நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி நேரும் தொல்லை. இப்போது திருத்துவது இலகு. பட்டச் சான்றிதழ் அச்சான பின்னர் கடினம்.

மூன்று கட்டுப் பிரதிகள் எடுங்கள். ஒன்று பிள்ளையிடம், ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பையையே இழந்தவர்கள் நாம்.

3. காசுப்பாய்ச்சல்

அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவு உண்டு. கீழே உள்ள தொகைகள் உதாரணத்திற்கு மட்டுமே. உங்கள் பிள்ளை செல்லும் ஊரின் விலையை, அங்கு படிக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

சாப்பாடு: ரூபா 15,000
போக்குவரத்து: ரூபா 2,000
கொப்பி, பிரதி, தொலைபேசி: ரூபா 3,000
சவர்க்காரம், மருந்து, ஏனையவை: ரூபா 2,000
மாதமொன்றுக்கு: ரூபா 22,000

1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலின் மாதத் தொகையை ரூபா 5,000 இலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தாலும் மாதம் 14,500 ரூபா வீட்டிலிருந்து போக வேண்டும். மேலும், அது முதல் நாளே கைக்கு வராது. நான்கு மாதம் பிந்தும் என்று வைத்துக்கொண்டால், அந்த நான்கு மாதங்களுக்கும் 88,000 ரூபா தேவை. தொடக்கச் செலவு 20,000 என்றால், புறப்படும்போது ஆயத்தமாக இருக்க வேண்டியது 1,08,000 ரூபா.

இதைப் பாடநூலில் தொழிற்படு மூலதனம் என்பார்கள். விவசாயிக்கு இது தெரியாத ஒன்றன்று. விதைத்த நாளுக்கும் வெட்டிய நாளுக்கும் இடையில் குடும்பம் சாப்பிட வைத்திருக்கும் நெல்லே அது.

அடுத்த தடங்கல் காலத்தைப் பற்றியது. காலபோகக் காசு மாசி, பங்குனியில் மொத்தமாக வருகின்றது. சிறுபோகம் செய்பவருக்கு ஆவணி, புரட்டாதியில் இன்னொரு முறை வரும். பிள்ளையின் செலவோ மாதந்தோறும் வரும். கிணற்றில் நீர் போதுமான அளவு இருந்தாலும், ஒரே நாளில் முழுவதையும் இறைத்துவிட்டால் பயிர் நிற்காது. காசும் அப்படியே, முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். ஆகவே அறுவடைக் காசு வந்த அன்றே ஆறு மாதத்திற்கான 87,000 ரூபாவைப் பிரித்து, வேறு சேமிப்புப் புத்தகத்தில் இடுங்கள். கூலி வேலையில் வாழும் குடும்பமாயின் வாரந்தோறும் எவ்வளவு பிரிக்கலாம் என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தும் போதவில்லை என்றால், கடன் எடுக்குமுன் பங்குக் குருவானவரையோ பள்ளிவாசல் நிர்வாகத்தையோ கிராமச் சங்கத்தையோ, பல்கலைக்கழகத்தில் மாணவர் நலனுக்குப் பொறுப்பானவரையோ கொப்பியுடன் சென்று சந்தியுங்கள். கணக்கோடு கேட்பது பிச்சையன்று.

வாரக் கடனால் நமது கிராமப் பெண்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவிற்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. வாரந்தோறும் திருப்பிக் கொடுக்கும் கடன், வாரந்தோறும் வருமானம் தரும் தொழிலுக்கே பொருந்தும். நான்கு வருடம் கழித்துப் பலன் தரும் படிப்புக்கு அது பொருந்தாது.

4. இனிப் பெட்டி

இவ்வளவும் எழுதிய பின்னர் பெட்டி தானாகவே சிறிதாகும். நான்கைந்து உடுப்பு, படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, வாளி, பூட்டு இரண்டு, கணிப்பான், மருந்து, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், கொஞ்சம் எள்ளுருண்டை. மடிக்கணினி நல்லதுதான். ஆனால் முதல் வாரமே வாங்க வேண்டியதில்லை. பீடத்தில் கணினி அறை உண்டா என்று பார்த்து, மூத்த மாணவரிடம் கேட்டு, பின்னர் முடிவு செய்யலாம்.

மொழிக்கும் ஆயத்தம் வேண்டும். முகாமைத்துவப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழில் திறமையாகப் படித்த பிள்ளை முதல் மாதம் வாயடைத்து நிற்பதுண்டு. உயர்தரக் கணக்கீட்டு நூலின் சொற்களை நாளுக்குப் பத்தாக எடுத்து, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக எழுதட்டும். வீட்டுப் பேச்சில் வரவு என்றால் வருமானம். கணக்கீட்டில் வரவு என்பது கணக்கின் இடப்பக்கம், அதாவது டெபிற். இத்தகைய சொற்களை முன்பே தெளிவாக்கிக்கொண்டால் விரிவுரையில் பாதிப் பயம் போய்விடும்.

பகிடிவதையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கல்வி நிறுவனங்களில் அது குற்றம். "என்ன நடந்தாலும் எங்களுக்குச் சொல்லு, நாங்கள் உன்னைக் குறை சொல்லமாட்டோம்" என்ற ஒரு வார்த்தையைத் தாயும் தகப்பனும் சொல்லி அனுப்ப வேண்டும்.

5. கொப்பி திரும்பி வரட்டும்

கொப்பியின் பிரதி ஒன்று பிள்ளையோடு போகட்டும். மூலம் வீட்டில் இருக்கட்டும். பிள்ளை அங்கே செலவை எழுதும். நீங்கள் இங்கே எழுதுங்கள். விடுமுறையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அடுத்த போகத்தில் வெங்காயத்திற்கோ நெல்லுக்கோ ஆன செலவைப் பிள்ளையோடு சேர்ந்து கணக்கிடுங்கள். விதை, பசளை, எண்ணெய், குத்தகை மட்டுமல்ல, தாயும் தகப்பனும் பாடுபட்ட நாட்களையும் கூலியாகச் சேருங்கள். அதைச் சேர்த்தால் இலாபம் என்று நாம் நினைத்திருந்தது நட்டமாகத் தெரியலாம். அது கசப்பான செய்திதான். ஆனால் சந்தையில் என்ன விலை கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரியவரும்.

அன்று மூட்டையைத் தலையில் வைத்து நடந்தவர்களின் பிள்ளை இன்று பேருந்தில் ஏறுகின்றது. அதன் பெட்டி பாரமில்லாமல் இருக்கட்டும். வீட்டில் கடன் பாரமும் இல்லாதிருக்கட்டும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது வீட்டின் சொத்துக்களும் பொறுப்புக்களும் எவை? பிள்ளைகளுக்கு அவற்றை மறைக்கின்றோமா? ஏன்?
2. எங்கள் ஊரில் படிப்பை இடையில் விட்ட பிள்ளைக்குக் காசு எந்த மாதத்தில் முடிந்தது? அதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா?
3. பத்திரங்களைத் தேடித் தர, பிரதி எடுத்து வைக்க, நமது சங்கம் என்ன செய்யலாம்?
4. மகளுக்கு இடம் கிடைத்தபோதும் மகனுக்குக் கிடைத்தபோதும் நாம் ஒரே கணக்கைத்தான் போட்டோமா?