வாடிய சோளத்தில் மாட்டை விடாதீர்!

மழை தவறி மானாவாரிச் சோளம் குன்றி நிற்கும்போது, 'வீணாகப் போவதை மாடாவது தின்னட்டும்' என்று அவிழ்த்து விடுவோர் உண்டு. இது மாட்டின் உயிருக்கே உலை வைக்கும். இளஞ்சோளத்திலும், வாடிய பயிரிலும், அறுத்தபின் மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஒரு பொருள் மிகுந்திருக்கும். அது மாட்டின் வயிற்றில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சாக மாறுகிறது.

பசியோடு மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி, தள்ளாடி விழும். இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். பாம்புக்கடி என்று எண்ணி மந்திரிப்பதில் நேரத்தைப் போக்கலாகாது. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மருந்துகளைக் கால்நடை மருத்துவர் உடனே இரத்தக் குழாயில் செலுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் மருத்துவர் வரும்வரை மாடு தாங்க வேண்டுமே!

எனவே, சோளம் பூத்த பின்னரே தீவனத்துக்கு அறுக்க வேண்டும். குன்றிய பயிரானால் அறுத்து, சருகாகக் காய்ந்த பின் கொடுக்கலாம். நஞ்சு பெருமளவு குறைந்துவிடும். அரைகுறையாக உலர்ந்ததைப் போடக் கூடாது. வெள்ளாடு, செம்மறிக்கும் இதே எச்சரிக்கைதான். சோளக்கொல்லை ஓரமாக மாடு ஓட்டிச் செல்லும் சிறுவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.